கலத்தை வாங்கியவரும் கலத்தை அறிந்தவரும்

புதுமனை புகுந்த குடும்பத்தாரைக் கேட்டுப் பாருங்கள். உறுதி எழுதித் திறப்பை வாங்கிய அன்றே வீடு தமதாகிவிட்டதென்று அவர்கள் எண்ணியிருப்பர். முதல் மாரி பெய்யும்போதுதான் எந்த யன்னலாற் சாரல் அடிக்கிறது, எந்த மூலையில் ஓடு ஒழுகுகிறது, எந்தக் கதவு ஈரத்தில் இறுகிப்போகிறது என்பதெல்லாம் தெரியவரும். உறுதி எழுதிய நாள் ஒன்று; வீட்டை அறிந்துகொண்ட நாள் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே ஆறு மாதம் சென்றாலும் குடி முழுகிப் போவதில்லை. ஒழுகும் இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டு உறங்கலாம். விடிந்ததும் வேலையாளை அழைக்கலாம்.

கடலில் இவ்வசதி இல்லை. அங்கே ஒழுகும் இடத்தை அறியாதவர் உறங்கினால், விடியுமுன்னே கலம் முழுகிப் போகவுங் கூடும். அழைத்தால் ஓடிவருவதற்கு அயலவர் எவரும் இரார். ஆகவே, புதுக்கலம் ஒன்றைக் கையேற்பது எப்படி என்பது கடலோடிகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஒரு பொருள் எப்போது உண்மையில் நம்முடையதாகிறது என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. இவ்வாரம் அதனைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கலத்துள் இருப்பவை

நெடும்பயணத்துக்கென முப்பத்தைந்து, நாற்பதடி நீளத்தில் இக்காலத்திற் கட்டப்படும் பாய்க்கலத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் உடல், ஒரு பாய்மரம், இரண்டொரு பாய், ஒரு சுக்கான் ஆகியவையே தெரியும். உள்ளே இறங்கினாலோ, ஒரு சிற்றூருக்கு வேண்டியவையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கக் காணலாம். குடிநீர்க் குழாய்கள், கழிவகற்றும் வழிகள், மின்னிணைப்பு, சமையல் எரிவாயு, டீசல் இயந்திரம், வானொலி, செய்மதியின் துணைகொண்டு இருப்பிடங் காட்டும் கருவி, அயலிற் செல்லும் கப்பல்களை அறிவிக்கும் கருவி ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. ஊரில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு திணைக்களம் இருக்கும். கலத்திலோ, அத்தனைக்கும் பொறுப்பாளர் அதனைக் கையேற்றவர் ஒருவரே.

இவற்றுள் முதலில் அறியவேண்டியவை கலத்தின் உடலில் உள்ள துளைகள். கலத்தில் ஏன் துளையிட வேண்டுமென மாணவர் வினவலாம். இயந்திரத்தைக் குளிரச் செய்யக் கடல்நீர் உள்ளே வரவேண்டும். கழிவறைக்கும் அந்நீரே வேண்டும். பாத்திரங் கழுவிய நீர் வெளியே போகவேண்டும். இவற்றுக்காக நீர்மட்டத்துக்குக் கீழே பல துளைகள் விடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைப்பு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். வால்விலிருந்து செல்லும் இறப்பர்க் குழாய் ஒன்று கழன்றுவிட்டதென வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே, ஒன்றரை அங்குல விட்டமுள்ள அத்துளையால் நிமிடத்துக்கு நூறு லீற்றருக்கு மேல் நீர் புகும். உயர்வகுப்பு மாணவர் டொரிசெல்லியின் விதியைக்கொண்டு இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கையால் இறைத்து வெல்லக்கூடிய வேகமன்று அது. ஆனால் அந்த வால்வு எங்கே இருக்கிறதென்று அறிந்தவர் கைப்பிடியைத் திருப்பினால், வேலை ஒரு கணத்தில் முடிந்துவிடும். அறியாதவர் இருளில் முழங்காலளவு நீரில் நின்று பலகைகளைப் பெயர்த்துத் தேடவேண்டியதுதான்.

அதனாலேயே, தேர்ந்த கடலோடிகள் கலத்தைக் கையேற்ற முதல்நாளில் ஒரு தாளை எடுத்து உட்புறத்தை வரைந்து, ஒவ்வொரு துளையையும் குறித்துக்கொள்வர். ஒவ்வொரு வால்வையும் தம் கையால் மூடித் திறந்து பார்ப்பர். வால்வே உடைந்துபோனால் அறைந்து அடைப்பதற்கென, கூம்பு வடிவான மரமுளை ஒன்றை அதன் அருகிலேயே கட்டித் தூக்கிவிடுவர். சில சதம் பெறும் மரத்துண்டு அது. ஆயினும் கலத்தின் விலை முழுவதையும் காக்க வல்லது.

அடுத்தது இயந்திரம். டீசல் செல்லும் குழாயிற் காற்றுக் குமிழ் புகுந்தால் இயந்திரம் நின்றுவிடும். உரிய திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பின்னரே மீண்டும் இயங்கும். எரிநெய்த் தாங்கியின் அடியில் நீர் தேங்கினாலும் இதே கதிதான். அமைதியான துறைமுகத்தில் இது அரைமணி நேர வேலை. பாறைகளை நோக்கிக் காற்று இழுக்கும்போது, முதன்முறையாகக் கைந்நூலைப் பிரித்துப் படித்துச் செய்யத்தக்க வேலையன்று.

மின்சாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. இயந்திரத்தைத் தொடக்கும் பற்றறியை வேறாகவும், விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் உரிய பற்றறிகளை வேறாகவும் வைப்பர். இரவெல்லாம் விளக்கெரித்து எல்லாவற்றையும் வெறுமையாக்கிவிட்டால், காலையில் இயந்திரத்தைத் தொடக்க வழியில்லை. இயந்திரந் தொடங்காவிடின் பற்றறிக்கு மின்னேற்றவும் எளிய வழியில்லை. எந்த ஆளி எந்தப் பற்றறியை இணைக்கிறது என்பதைப் புதிய உரிமையாளர் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத்தக்கவராதல் வேண்டும்.

நம் இல்லத்தரசியருக்கு நன்கு விளங்கக்கூடிய ஒன்றையும் சொல்வோம். சமையல் எரிவாயு காற்றிலும் பாரமானது. வீட்டில் அது கசிந்தால் கதவைத் திறந்து விடலாம். கலத்திலோ, கதவு மேலேதான் இருக்கிறது. பாரமான வாயு கீழே வடிந்து கலத்தின் அடிவயிற்றில் நீர்போலத் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். கலமே வெடித்துச் சிதறும். ஆகவே வாயு உருளையை, கசிவு கடலுக்கு வடியத்தக்க தனிப் பெட்டியில் வைப்பதும், சமைத்து முடிந்தவுடன் உருளையின் வாயை அடைப்பதும் மீறலாகாத விதிகள்.

இப்படியே பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், நங்கூரச் சங்கிலி, நீரிறைக்கும் பம்பிகள் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றையும் ஒருநாளிற் படித்துவிடலாம்; ஒருநாளில் அறிந்துவிட முடியாது. கைக்குப் பழக்கமாவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை ஒருவர் எடுத்துக்கொண்டதாலும், இன்னொருவருக்கு அது கிட்டாமற் போனதாலும் நேர்ந்தவற்றை 1968ஆம் ஆண்டுப் போட்டி ஒன்று உலகுக்குக் காட்டிற்று.

பம்பாயிற் பிறந்த கலம்

எங்கும் தங்காமல், எவர் துணையுமின்றி, தன்னந்தனியே பாய்க்கலத்தில் உலகை வலம் வருவோருக்கு லண்டன் 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டியை அறிவித்தது. முதலில் வருபவருக்குப் 'பொற்கோளம்' என்னும் விருது. குறைந்த நாள்களிற் சுற்றி வருபவருக்கு 5,000 பவுண் பரிசு. 1968 யூன் 1ஆந் திகதிக்கும் ஒக்டோபர் 31ஆந் திகதிக்கும் இடையே புறப்படவேண்டும் என்பது விதி. ஒன்பது பேர் புறப்பட்டனர். ஒருவரே சுற்றி முடித்தார்.

அவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன். வணிகக் கப்பலில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். அப்போது வயது 29. அவருடைய 'சுகைலி' 32 அடி நீளமுள்ள தேக்குமரக் கலம். நம் அயலிலுள்ள பம்பாயில், வாய்ச்சியும் கைவாளும் துரப்பணமுங் கொண்டு வேலைசெய்யும் இந்தியத் தச்சர்களின் கையாலே 1963ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பெற்றது. பருமனும் மந்தமுமான அதனைக் கண்டு, போட்டிக்கு ஏற்றதென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார். அவருங்கூட வேறொரு புதுக்கலம் கட்டவே விரும்பினார். பணங் கிடைக்காமையால் இருப்பதைக் கொண்டு புறப்பட்டார்.

ஆனால் அவரிடம் பணத்தால் வாங்கமுடியாத ஒன்று இருந்தது. கலம் உருவாகும்போதே அருகிருந்து பார்த்தவர் அவர். 1965இல் பம்பாயிலிருந்து அதிற் புறப்பட்டு, கையிற் பணமின்மையால் வழியில் தென்னாபிரிக்காவிலே தங்கி வேலைபார்த்து, மீண்டும் பாய்விரித்து 1967இல் இங்கிலாந்தை அடைந்தார். அந்தப் பல்லாயிரம் மைல் ஓட்டத்தில் கலத்தின் ஒவ்வொரு முனகலுக்கும் பொருள் அறிந்துகொண்டார். 1968 யூன் 14ஆந் திகதி பல்மத் துறையிலிருந்து போட்டிக்குப் புறப்பட்டபோது, அவருக்கும் சுகைலிக்கும் பழக்கம் பல ஆண்டுப் பழக்கம்.

அதன் பயனைப் பாருங்கள். அத்திலாந்திக்கில் நீர் அளவுக்கு மீறி உட்புகத் தொடங்கியபோது, அடிமரத்தை ஒட்டிய பலகை இணைப்பே காரணமென்று கண்டார். நடுக்கடலிற் குதித்து, கலத்தின் அடியிலே மூச்சடக்கி நின்று, இடைவெளியிற் பஞ்சு திணித்துக் கலப்பற்றினார். அதன்மேல் செப்புத் தகட்டை ஆணியால் அறைந்தார். இடையில் ஒரு சுறாவும் வந்து சுற்றிற்று. தென்கடலில் புயலில் அடிபட்டுக் கலம் சாய்ந்ததன் பின், தாங்கியிலிருந்த குடிநீர் கெட்டுப்போயிருக்கக் கண்டார். மழைநீரை ஏந்திக் குடித்தார். தானே சுக்கானை இயக்கும் பொறி உடைந்தது. பாய்களின் இழுவையைச் சமன்செய்து, கலம் தன் போக்கிலே நேர்வழி செல்லுமாறு செய்தார்.

மாணவர் விரும்பத்தக்க ஒன்று உண்டு. மின்னேற்றும் சிறு இயந்திரத்தின் ஓருறுப்பில் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு என்ற நுட்பத்துடன் அமைக்க வேண்டியிருந்தது. அதை அளக்கும் கருவி கலத்தில் இல்லை. அவர் புத்தகத் தாள்களை எண்ணினார். இருநூறு தாள் சேர்ந்தால் ஓரங்குலப் பருமன். ஆகவே ஒரு தாள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. வேண்டிய அளவுக்குத் தாள்களை அடுக்கி இடைவெளியைச் சரிப்படுத்தினார். பாடசாலையிற் கற்ற வகுத்தற் கணக்கு நடுக்கடலில் விளக்கேற்றிற்று.

312 நாள்களின் பின், 1969 ஏப்ரில் 22ஆந் திகதி, துருப்பிடித்த கறைகளோடு சுகைலி புறப்பட்ட துறைக்கே திரும்பி வந்தது. அதில் உடையாதது என்று எதையும் சொல்வது கடினம். அவரால் சீர்செய்ய முடியாமல் உயிருக்கு உலைவைத்தது என்று ஒன்றும் இல்லை.

நாட்கெடுவுக்குள் கட்டிய கலம்

அதே போட்டியிற் கடைசியாகப் புறப்பட்டவர் டொனால்ட் குரோஹேர்ஸ்ட். இவர் அறிவிலி அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். மின்னணுக் கருவிகளில் வல்லவர். கலங்கள் திசையறிவதற்கான சிறு கருவி ஒன்றை அமைத்து விற்றுவந்தவர். மனைவியும் நான்கு பிள்ளைகளும் உள்ள குடும்பத் தலைவர். தொழில் நலிவுற்றிருந்த வேளையில், இப்போட்டியால் வரும் புகழ் அதனைத் தூக்கி நிறுத்தும் என்று நம்பினார்.

அவர் தேர்ந்தெடுத்தது மூன்று உடல்களை ஒன்றாய்ப் பிணைத்த 'திரைமரன்' என்னும் 40 அடிக் கலம். இந்தப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நமது 'கட்டுமரம்' என்னும் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து 'கற்றமரன்' ஆயிற்று. பின்னாளில் அதன் தலையை வெட்டி, மூன்று என்னும் பொருள்தரும் முன்னொட்டைச் சேர்த்து 'திரைமரன்' என்றனர். இவ்வகைக் கலம் வேகமானது. ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒற்றையுடற் பாய்க்கலம் சாய்ந்தால், அடியிலுள்ள பாரம் அதனை நிமிர்த்திவிடும். திரைமரன் கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும்.

குரோஹேர்ஸ்ட் இதற்கு அருமையான பரிகாரம் ஒன்றைத் திட்டமிட்டார். கலம் கவிழப் போவதை உணர்கருவிகள் அறிந்து ஒரு கணிகருவிக்குத் தெரிவிக்கும். உடனே பாய்மர உச்சியிற் கட்டிய பை ஒன்று காற்றால் ஊதிப் பெருத்து, முழுவதும் கவிழாமல் தடுக்கும். எண்ணம் சிறந்ததே, ஆயின் அதனை முடிப்பதற்குக் காலம் இருக்கவில்லை.

கலம் நீரில் இறங்கியது 1968 செப்ரெம்பர் 23ஆந் திகதி. புறப்படுவதற்குக் கடைசி நாள் ஒக்டோபர் 31. இடையில் ஐந்து வாரமே. இறக்கும் வேளையிலே அவருடைய மனைவி வழக்கப்படி கலத்தின் முகப்பில் அடித்த மதுப்போத்தல் உடையவில்லையாம். சகுனம் பார்க்குமாறு நாம் சொல்லவில்லை. அதனைவிடத் தெளிவான அறிகுறி அடுத்த நாள்களில் வந்தது. கட்டிய இடத்திலிருந்து புறப்பாட்டுத் துறையாகிய டின்மத்துக்குக் கொண்டுவர மூன்று நாள் போதும் என்று எண்ணியிருந்தார். பதின்மூன்று நாள் பிடித்தது. எதிர்காற்றில் கலம் முன்னேற மறுத்தது. ஆட்டத்தில் திருகாணிகள் கழன்றன. இதுவே அவர் அக்கலத்தைப் பழகிய காலம். அதனை அறியக் கிடைத்த பள்ளியும் இதுவே.

எஞ்சிய இரண்டு வாரத்திற்குள் செய்யவேண்டிய வேலைகள் மலைபோற் குவிந்தன. கடைசி நாளன்று கலத்திற் பொருள்களை வாரி ஏற்றினர். நீரிறைக்கும் பம்பிக்கு இன்றியமையாத நீண்ட குழாய் கரையிலே விடுபட்டுப் போயிற்று. பாய்மர உச்சிப் பையிலிருந்தும் உணர்கருவிகளிலிருந்தும் வண்ண வண்ணக் கம்பிகள் அறைக்குள் வந்து, ஓரிடத்திற் கூடின. அவற்றை இணைக்கவேண்டிய கணிகருவி அங்கே இல்லை. கம்பிகளின் நுனிகள் வெறுமையாய் நின்றன.

பின்வாங்கலாமே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் செய்த ஒப்பந்தமோ வேறு. பயணத்தைக் கைவிட்டால், முதலீடு செய்தவரிடமிருந்து கலத்தை அவருடைய கம்பனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். அது நடந்தால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். புறப்படுமுன்னைய இரவில் கலம் ஆயத்தமாகவில்லை என்று மனைவியிடஞ் சொல்லி, கண்ணீர் விட்டார். தம்மைத் தடுத்துவிடுமாறே அவர் அன்று மறைமுகமாகக் கேட்டார் என்பது அந்த அம்மையாருக்குப் பின்னரே விளங்கிற்று.

ஒக்டோபர் 31ஆந் திகதி பிற்பகல் அவர் புறப்பட்டார். பதினைந்தே நாளில், கலத்தின் குறைகளையெல்லாம் தம் குறிப்பேட்டில் நேர்மையாக வரிசைப்படுத்தி எழுதினார். தென்கடலில் இக்கலத்தோடு பிழைப்பது பாதிக்குப் பாதி என்றும் கணக்கிட்டார். முன்னே போனால் மரணம். பின்னே வந்தால் கடன். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை அவர் தேர்ந்தார். டிசெம்பர் மாதத்திலிருந்து, தாம் போகாத இடங்களுக்குப் போனதாகப் பொய்யான அறிக்கைகளை வானொலியில் அனுப்பிவிட்டு, அத்திலாந்திக் கடலிலேயே அலைந்தார். 1969 மார்ச்சில், பிளந்த உடலைச் செப்பனிடப் பலகையும் ஆணியும் இன்றி, போட்டி விதியை மீறி ஆர்ஜென்ரீனக் கரையில் இரகசியமாக ஒதுங்கவேண்டியதாயிற்று.

பொய் தன்னோடு நிற்பதில்லை, பிறரையும் இழுக்கும். போட்டியிலிருந்த நைஜல் ரெற்லி என்பவரும் இதே வகைத் திரைமரனில் உலகைச் சுற்றி, அநேகமாக வீடு வந்துசேரும் நிலையில் இருந்தார். குரோஹேர்ஸ்ட் தம்மைத் துரத்தி வருவதாக நம்பி, நைந்துபோயிருந்த தம் கலத்தை விரைந்து செலுத்தினார். மே மாதம் 21ஆந் திகதி அது உடைந்து மூழ்கிற்று, அவர் காப்பாற்றப்பட்டார். இதனால் வேகப் பரிசு தமக்கே வந்துசேரும் என்ற நிலை குரோஹேர்ஸ்டுக்கு ஏற்பட்டது. பரிசு வந்தால் குறிப்பேட்டை வல்லுநர் ஆராய்வர், உண்மை வெளியாகும். அவருடைய எழுத்து யூலை 1ஆந் திகதியோடு நிற்கிறது. யூலை 10ஆந் திகதி, அவ்வழியே வந்த கப்பல் ஒன்று ஆளில்லாத கலத்தைக் கண்டெடுத்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை.

தமக்குக் கிடைத்த 5,000 பவுணையும் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் குரோஹேர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். கடலை அறிந்தவருக்கே அந்தத் துயரின் ஆழம் தெரியும் போலும்.

நாணமின்றித் திரும்பியவர்

இதே போட்டியிற் கலந்துகொண்ட சே பிளைத் என்பவரையும் இங்கே நினைக்கவேண்டும். 1966இல் நண்பர் ஒருவரோடு அத்திலாந்திக்கைத் துடுப்பு வலித்தே கடந்த வீரர். ஆயினும் பாய்க்கலம் செலுத்த அறியாதவர். புறப்பட்ட அன்று நண்பர்கள் முன்னே கலம் செலுத்திச் செல்ல, அவர்கள் செய்வதைப் பார்த்துத் தாமும் செய்தார். தென்னாபிரிக்கா வரையிற் சென்றதும், தமது கலம் தென்கடலுக்கு ஏற்றதன்று என்பதை உணர்ந்து, நாணமின்றிப் போட்டியினின்று விலகினார். உரிய கலம் ஒன்றை அமைத்துக்கொண்டு, 1970இற் புறப்பட்டு, காற்றுக்கு எதிரே மேற்குத் திசையாகத் தனியே நிற்காது உலகைச் சுற்றிய முதல் மனிதரென 1971இல் வீடு திரும்பினார். விலகியதால் அவர் எதையும் இழக்கவில்லை. இன்னொரு முறை புறப்படுவதற்கு உயிர் மிஞ்சியிருந்தது.

அப்போட்டி ஐம்பதாண்டுகளின் பின், 2018இல், பழைய முறைக் கலங்களோடு மீண்டும் நடத்தப்பட்டது. 2022இல் தொடங்கிய அடுத்த போட்டியில் வென்றவர் தென்னாபிரிக்கப் பெண்மணி கேர்ஸ்டன் நொய்சேபர். அவர் 'மினெகாகா' என்னும் கலத்தை வாங்கியவுடன் போட்டிக்கு ஓடவில்லை. கனடாவில் ஓராண்டளவு தங்கி, தம் கைபட அதனைப் புதுக்கினார். பின் அங்கிருந்து தென்னாபிரிக்காவுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அதனைச் செலுத்திப் பழகினார். 2023 ஏப்ரில் 27ஆந் திகதி முதலாவதாக வந்து சேர்ந்தார். பிறர் கண்ணுக்கு அந்த ஓராண்டு வீணாகத் தோன்றியிருக்கலாம். வெற்றி அதிலேதான் விளைந்தது.

நமது கரையிலும்

இதனை நம்மவர் அறியாதவரல்லர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்மரக் கப்பலை, சிறு கலத்தில் உலகை வலம் வந்த வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கி, தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். 1938இல் அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதனைக் கொண்டுசென்றோரில் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தனர். பெயர் மாறிற்று, கொடி மாறிற்று. கலத்தின் குணத்தை அறிந்த கைகள் மட்டும் மாறாமல் அதனோடேயே சென்றன. உலகைச் சுற்றிய கடலோடிக்குங்கூட, பிறர் கட்டிய கலத்தில் அறிந்தவர் துணை வேண்டியிருந்தது.

இனி, நம்மிற் பெரும்பாலோர் பாய்க்கலம் வாங்கப் போவதில்லை. ஆயினும் வாழ்வில் ஏதேனும் ஒன்றைக் கையேற்காதவர் எவர்? மாணவர் சர்வகலாசாலைக்குப் போகின்றனர். இளைஞர் புதுத் தொழில் தொடங்குகின்றனர். கடன்பட்டு வாகனம் வாங்குகின்றனர். எல்லாவற்றிலும் ஒரு கையெழுத்து நாள் உண்டு. அன்று மாலையும் படமும் பலகாரமும் உண்டு. அதன் பின்னே வரும் பழகும் நாள்களுக்கு மாலை இடுவார் இல்லை. அவற்றையே நாம் சுருக்கப் பார்க்கிறோம்.

ஆகவே வாசகருக்கு ஒரு சிறு வேலை தருகின்றோம். இன்று மாலையே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளி எங்கே, நீர்க்குழாயின் பிரதான வால்வு எங்கே, எரிவாயு உருளையை எப்பக்கம் திருப்பினால் அடைபடும் என்று கேளுங்கள். தெரியாத பிள்ளை தன் கையாலேயே ஒருமுறை மூடித் திறந்து பார்க்கட்டும். வீட்டின் படமொன்றை வரைந்து அவ்விடங்களைக் குறிக்கட்டும்.

இன்னுமொன்று. உங்கள் வீட்டில் எவரேனும் பெரியதோர் அலுவலின் முன்னிரவில், "எல்லாம் ஆயத்தம், ஆனாலும்..." என்று சொல்லி நிறுத்தினால், "தைரியமாய்ப் போய் வா" என்று உடனே வாழ்த்தி அனுப்பிவிடாதீர்கள். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று அருகிலிருந்து கேளுங்கள். நாளை புறப்படாவிட்டால் போகக்கூடியது பணமும் பெயரும். அவற்றை மீண்டுந் தேடிக்கொள்ளலாம்.